அரைப்பேருக்கு நிரல் எழுதுவது யார்?

பைதானில் 'இஃப்' என்று தொடங்கித்தான் நிபந்தனையைச் சொல்லணும். எழில் நிரல்மொழியில் நிபந்தனை முதலில், 'ஆனால்' அதற்குப் பிறகு: @(கிலோ >= 18) ஆனால். நாம பேசுற வரிசையும் அதுதானே! முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் பற்றிய கட்டுரை 2009இல் வந்தது. பைதானின் மேல் கட்டிய மொழிதான், ஆனா 'பதிப்பி', 'இல்லை', 'முடி' என்று கட்டளைகள் தமிழில்.

ஏஐயிடம் தமிழில் கேட்டாலே பைதான் நிரல் வந்துவிடுகிறதே, இனி எழில் எதுக்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தமிழ்மொழி மூலம் உயர்தரம் படித்து, ஐ.சி.டி. பாடத்தில் பைதானோடும் ஆங்கிலத்தோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டுகிற நமக்கு நியாயமான கேள்விதான். பிழைச்செய்தியைத் தமிழில் விளக்க ஏஐ நல்ல துணை. டவுனுக்கு டியூஷன் போகும் பஸ் காசும் மிச்சம்.

நிரலையே எழுதக் கொடுத்தபோதுதான் கூத்து. குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர் என்று தோட்டத்துக் கணக்கைச் சொன்னோம். அது தொழிலாளியின் பெயரை எடுத்து, பாதி எழுத்துகளை வெட்டித் தந்தது! எழிலில் எழுதச் சொன்னால், 'ஆனால்' பைதான் மாதிரி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. இணையத்தில் பைதான் மலையளவு, எழில் கைப்பிடியளவு. அதிகம் படித்த பக்கமே அது சாயும். அரைப்பேர் என்றால் அம்மாவின் பாதி நாள் கூலி போச்சு என்று அதற்கு யார் எழுதி வைத்தார்கள்?

ஸிக் என்ற நிரல்மொழியின் சமூகம் ஏஐ எழுதிய நிரலை ஏற்பதில்லை. பிழை முறைப்பாட்டை ஏஐ வைத்து மொழிபெயர்த்து அனுப்புவதும் கூடாது. அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது: ஆங்கிலம் கட்டாயமில்லை, உங்கள் தாய்மொழியிலேயே எழுதலாம், வாசிக்கிறவர்கள் மொழிபெயர்த்துக்கொள்வார்கள். முழுத்தடை நமக்குச் சரிவராது. ஆனா அந்த இரண்டாவது பகுதி பிடித்திருக்கிறது. ஓட்டை ஆங்கிலத்துக்கு ஏஐ பூசுகிற பவுடரைவிட நேரான தமிழ் வரி மேல்.

நிபந்தனையை நாமே தமிழில் எழுதி, எழிலில் ஓட்டிப் பார்க்கலாம். அதற்கப்புறம் பைதானுக்கு மாற்ற ஏஐயிடம் கொடுக்கலாம். சரியாக ஓடிய நிரல்களை எல்லாரும் எடுக்கிற மாதிரி இணையத்தில் போடணும். முதல் பயிற்சிக்கு வீட்டில் இருக்கிற சம்பளச் சீட்டே போதும்: எத்தனை பேர், எத்தனை அரைப்பேர், ஈ.பி.எஃப். 8 சதவீதம், சங்கச் சந்தா. கழித்த தொகை சரியா?