பெயர் வடமொழி, பொறி பிறநாடு

1987-ஆம் ஆண்டு சூன் 4-ஆம் நாள் பிற்பகலில், பெங்களூரிலிருந்து எழுந்த ஐந்து சுமையேற்றி வானூர்திகள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொதிகளைக் குடைகட்டி இறக்கின. முன்னாள், இராமேசுவரத்திலிருந்து துயர்துடைப்புப் பொருளேற்றிச் சென்ற படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பிவிட்டது. அதற்கு மறுமொழியாக நிகழ்ந்ததே இவ் வான்வழி வினை. இறக்கிய பொருள் ஏறத்தாழ 25 டன். போரில் நெரிந்து கிடந்த ஒரு குடாநாட்டின் பசிக்கு அஃது எம்மூலைக்குப் போதும்? ஆயினும் அந்நாளில் தமிழர் நெஞ்சம் குளிர்ந்தது மெய். அவ்வினைக்குத் தில்லி சூட்டிய பெயர் 'பூமாலை'. மேகதூதம், பவன், விசய் என்று படைவினைகள் பலவற்றுக்கு வடசொல்லே தேடும் தில்லி, அன்றொரு நாள் நம் சொல்லைத் தேடிப் பிடித்தது.

பூமாலை வாடுவதற்கு எட்டுக் கிழமைகள் கூட ஆகவில்லை. சூலை 29-இல் கொழும்பில் உடன்படிக்கை. மறுநாளே இந்தியப் படை இறங்கத் தொடங்கியது. பருப்பும் அரிசியும் போட்ட அதே அந்தோனோவு-32 வகை வானூர்திகள், பலாலி ஓடுதளத்தில் படைஞரைக் கொண்டுவந்து இறக்கின. அவ்வாண்டு அத்தோபர் 10-இல் போர் மூண்டது. பின்னர் 1995-இல் இலங்கை வான்படையும் அவ்வகை ஊர்திகளையே வாங்கிப் பயன்படுத்திற்று. சுமையேற்றி வானூர்திக்குச் சோறு எது, சுடுகலன் எது என்னும் வேறுபாடு தெரியாது. ஏற்றுகின்றவன் எண்ணமே அதன் எண்ணம். இவ் வுண்மையை மனத்திருத்திக்கொண்டே இத்தகைய ஊர்திகளைப் பற்றிய செய்திகளை நாம் படித்தல் வேண்டும்.

அந்தோனோவு-32 தாழ்ந்த ஊர்தியன்று. வெயில் கொளுத்தும் ஓடுதளத்திலும், காற்று மெலிந்த மலையுச்சித் தளத்திலும் எழும்பவல்லதாக, இந்தியாவின் தேவையையே முன்வைத்து உக்கிரைனின் கீவு நகரில் வரையப்பட்டது அது. 1976-இல் முதன்முதற் பறந்தது. 1984 முதல் இந்திய வான்படையில் பறந்து வருகின்றது. ஆறேமுக்கால் டன் அளவு சுமக்கும். முகப்புச் சுழலிகள் நிலத்துத் தூசியை வாரிக்கொள்ளாதிருக்கப் பொறிகள் இரண்டும் இறக்கையின் மேற்புறத்தே உயர்த்தி வைக்கப்பட்டுள்ளன. நூற்றுக்கு மேற்பட்டவற்றை வாங்கிய தில்லி, அதற்குச் 'சட்லெசு' என்று ஓர் ஆற்றின் பெயரை வைத்தது. அதனினும் பெரிய உருசிய ஊர்தியாகிய இல்யூசின்-76-க்குக் 'கசராசு', அஃதாவது யானையரசு, என்று பெயர். பெயர் வைப்பதில் குறையொன்றும் இல்லை. பெயரை வைத்துவிட்டுப் பொறியைச் செப்பனிட எங்கே போவது என்பதுதான் வினா.

அவ்வூர்தியின் பொறி சப்போரிசியா நகரத்துத் தொழிலகத்தின் ஆக்கம். 2009-இல், நூற்றுக்கு மேற்பட்ட ஊர்திகளைப் புதுக்குவதற்கு உக்கிரைனோடு ஒப்பந்தம் எழுதினர். 2014-இல் கிரிமியாவை உருசியா பற்றிக்கொள்ளவே, அப்பணி தடுமாறியது, உறுப்புகள் வாரா, செப்பனிடச் சென்ற சில ஊர்திகள் அங்கேயே தங்கின. 2022 பிப்பிரவரியிலோ முழுப்போரே மூண்டு, சப்போரிசியா போர்முனைக்கு அணித்தான ஊராயிற்று. வாங்கியவன் இங்கே, ஆக்கியவன் அங்கே, அவ்விருவருக்கும் தொடர்பற்ற மூன்றாமவன் ஒருவன் தொடுத்த போரினால் இங்குள்ள ஊர்தி தரையில் நிற்கும். விலைகொடுத்து வாங்கிய வலிமைக்கு இதுதான் வரம்பு.

இவ்வூர்தி நம் மண்ணோடு கொண்ட தொடர்பு யாழ்ப்பாணத்தோடு நில்லாது. கோவையை அடுத்த சூலூரில் அந்தோனோவு-32 அணியொன்று உள்ளது. அவ்வணியைச் சேர்ந்த ஊர்தியொன்று 2016 சூலை 22-ஆம் நாள் காலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேயருக்கு 29 பேருடன் புறப்பட்டு, வங்கக் கடல்மேல் மறைந்தது. கப்பல்களும் வானூர்திகளும் நாட்கணக்கில் தேடியும் ஒரு துண்டும் கிட்டவில்லை. ஏழரையாண்டு கழித்து, 2024 சனவரியில், சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் பிடித்தது. அவ்விருபத்தொன்பது குடும்பங்களும் அதுகாறும் என்ன நினைத்து உண்டன, எவ்வாறு உறங்கின என்பதை எந்த அறிக்கையும் சொல்லாது. 2019 சூன் 3-இல் அருணாசலத்து மலையில் மோதிய மற்றோர் ஊர்தியில் 13 பேர் மாண்டனர்.

இனி, உலங்கு வானூர்தியிலிருந்து ஏவும் டாங்கி தகர்ப்பு ஏவுகணையைப் பார்ப்போம். 1972 மே திங்களில் வியட்நாமின் கோந்தும் நகரில், அமெரிக்கர் 'தோ' என்னும் கணையை உலங்கூர்தியிலிருந்து ஏவி டாங்கிகளை உடைத்தனர். அக்கணை மெல்லிய கம்பியொன்றைப் பின்னே விட்டுக்கொண்டு செல்லும். அக்கம்பி வழியே ஏவினவன் கணையை நெறிப்படுத்துவான். ஆகவே, கணை சென்று தைக்குமட்டும், பத்துப் பதினைந்து நொடி, இலக்கின்மேல் வைத்த கண்ணை அவன் எடுத்தலாகாது. ஊர்தியும் ஓடி ஒளிதலாகாது. களத்தில் அவ்வளவு நேரம் வானத்தில் நிற்பதென்பது, கூரைமேல் ஏறி நின்று கல்லெறிய அழைப்பதை ஒக்கும்.

அவ்விடரைத் தீர்க்கவே, இலக்கின் வெப்பப் படத்தைத் தன் கண்ணிலேயே பதித்துக்கொண்டு செல்லும் கணைகள் தோன்றின. ஏவினவன் உடனே விலகிவிடலாம். இதனைச் 'சுட்டுவிட்டு மற' என்று நாளேடுகள் எழுதுகின்றன. மறப்பவன் ஏவினவனே, தைக்கப்பட்டவன் வீட்டார் மறப்பதில்லை.

இந்தியா இவ்வகைக் கணையைச் செய்யப் புகுந்தது 1983-இல். இராமேசுவரத்துத் தமிழராகிய அப்துல் கலாம் ஐதராபாத்தில் தலைமையேற்றிருந்த ஏவுகணைத் திட்டத்தின் ஐந்து கணைகளுள் 'நாகு' என்பதும் ஒன்று. அதன் உலங்கூர்தி வகைக்கு 'எலினா' என்று பெயர். கிரேக்க மங்கை எவளோ என்று மயங்கற்க. எலிகாப்டர் என்னும் சொல்லின் தலையையும் நாகு என்பதன் முதலையும் ஒட்டுப்போட்ட சொல் அது. (நாகம் நகர்தலினின்று பிறந்த தென்சொல்லே என்பது நம் சொல்லாய்வாளர் சிலர் கொள்கை, அவ்வாறாயின், தில்லி அறியாமலே ஒரு தமிழ்ச்சொல் உள்ளே புகுந்துவிட்டது!) வான்படைக்கென ஆகும் வகைக்கோ 'துருவாசுதிரா' என முழு வடமொழிப் பெயர்.

அக்கணை தேர்ச்சி பெறப் பட்ட பாடு படிப்பினைக்குரியது. இராசத்தான் பாலையின் வேனிற் பகலில் மணலும் இரும்பும் ஒன்றுபோற் கொதிக்கும். வெப்ப வேறுபாட்டைக் கொண்டே இலக்கை இனங்காணும் கணைக்கு, அப்போது டாங்கி எது, மணல்மேடு எது என்று தொலைவிலிருந்து தெரியாமற் போயிற்று. விழிப்பொறியைக் கூர்மைப்படுத்துவதிலேயே ஆண்டுகள் பல கழிந்தன. 2021 பிப்பிரவரியில் பாலையிலும், 2022 ஏப்பிரலில் பொக்கரான், இலடாக்கு மலைத்தளம் ஆகிய ஈரிடங்களிலும் எலினா தன் இலக்கைத் தைத்தது. ஏழு கிலோமீட்டர் வரை செல்லும். டாங்கியின் மென்மையான மேற்புறத்தைத் தேடிக் கவிழ்ந்து பாயவும் வல்லது. 1983-க்கும் 2022-க்கும் இடையே முப்பத்தொன்பது ஆண்டுகள். காலம் நீண்டதற்காக நாம் எள்ளமாட்டோம். பிறரிடம் வாங்காமல் தானே செய்து, தவறித் தவறித் திருத்திக் கற்றது அது ஒன்றுதான். கல்வியென்பது அவ்வாறுதான் வரும்.

ஆயினும் அக்கணையைச் சுமக்கும் துருவ் ஊர்தியின் 'சத்தி' பொறி பிரெஞ்சுத் தொழிலகத்தோடு கூடிச் செய்தது. பழைய அவ்ரோ ஊர்திகளுக்கு மாற்றாக 2021-இல் 21,935 கோடி உருபாவுக்கு ஒப்பந்தஞ் செய்த 56 சி-295 சுமையேற்றிகளுள் 16 எசுப்பானியத்தின் செவில்லில் செய்தவை; எஞ்சிய 40-ஐ வதோதராவில் தாதா குழுமத்தார் பூட்டுவதாக ஏற்பாடு. பூட்டுமிடம் குசராத்தேயெனினும் அதன் பொறி கனடாவினது. மீண்டும் அதே கயிறு, வேறு முளையில்.

வரி செலுத்துவோர் என்னும் முறையில் நாம் கேட்பன சிலவே. இத்துணைக் கோடிகள் எதற்கு, பொறியின் உறுப்புகள் எந்நாட்டிலிருந்து எத்தனை ஆண்டுக்கு வரும், அந்நாடு போரில் விழுந்தால் மாற்று என்ன என்பவற்றைத் தமிழில், தமிழ் படித்த எவரும் விளங்கிக்கொள்ளும் நடையில், அரசு வெளியிடல் வேண்டும். வடமொழிப் பெயரைத் தமிழெழுத்திற் பெயர்த்தெழுதிய செய்திக்குறிப்புகள் போதா. வங்கக் கடலடியில் கண்ட சிதைவுகளைக் கொண்டு அவ்வூர்தி வீழ்ந்த கரணியம் என்னவென்று அறியப்படுமோ, அதனை அக்குடும்பங்கள் அவரவர் தாய்மொழியிற் பெறல் வேண்டும். அவ்வூர்தி புறப்பட்டது நம் தாம்பரத்திலிருந்து. அதனைக் கண்டெடுத்ததும் நம் சென்னைக் கழகத்தார். எனவே இவ்வேண்டுகோளை முதற்கண் எழுப்ப வேண்டியவர் தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினரே.