பெடல் பேசுகிறது... நாம் கேட்கிறோமா?

(இறுதியாண்டு ஆட்டோமொபைல் மாணவன்)



வைவாவில் நம்மிடம் என்னென்ன கேட்கிறார்கள் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கிளட்ச் எத்தனை வகைப்படும்? சிங்கிள் பிளேட் கிளட்சின் பாகங்கள் யாவை? மாஸ்டர் சிலிண்டர் எந்தத் தத்துவத்தில் வேலை செய்கிறது? கடகடவென்று ஒப்பிக்கிறோம், மார்க்கும் வாங்குகிறோம். ஆனால், "தேய்ந்துபோன ரிலீஸ் பேரிங் எப்படிப்பா சத்தம் போடும்?" என்று இதுவரை எந்த எக்ஸாமினரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்லியிருப்போம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்!

நம் லேபில் ஒரு கிளட்ச் மாடல் இருக்கிறது. பாதியாக அறுத்து, சிவப்பும் மஞ்சளும் பெயின்ட் அடித்து, பார்க்க அழகாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அது ஊமை. நாளைக்கு நம்மைத் தேடி வரப்போகும் வண்டிகள் ஊமையாக வராது. கீச்சென்றும், கர்ரென்றும், டக்கென்றும் பேசிக்கொண்டேதான் வரும். அதுவும் முதலில் பேசுவது எங்கே தெரியுமா? ஓட்டுகிறவரின் காலடியில், மூன்று பெடல்களில்!

இந்தப் பேச்சைக் கேட்கத் தெரியாதவன், கையில் டிப்ளமோ வைத்திருந்தாலும், பார்ட்ஸ் மாற்றுகிறவன்தான். பழுது பார்க்கிறவன் ஆக மாட்டான். இதுதான் என் கருத்து. கொஞ்சம் காரமாக இருக்கிறதோ? காரணம் சொல்கிறேன், கேளுங்கள்.

மருத்துவர்கள் காதை நம்பக் கற்றுக்கொண்டது எப்படி? 1816-ல் பாரிஸ் நகரத்தில் லேனக் என்ற டாக்டர் ஒரு நோயாளியின் மார்புச் சத்தத்தைக் கேட்க, காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி வைத்துக் காது கொடுத்தார். அதுவே ஸ்டெதஸ்கோப்பின் பிறப்பு. கேட்டதோடு அவர் நிற்கவில்லை. எந்த நோய்க்கு எந்தச் சத்தம் என்று 1819-ல் புத்தகமாகவே எழுதி வைத்தார். அதனால்தான் இன்றைக்கு மெடிக்கல் மாணவன் அதைப் படிக்கிறான். நம் ஊர் மெக்கானிக் அண்ணன்களும் நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவர்கள் காதோடு நின்றுவிடுகிறது. அதை எழுதி வைக்க வேண்டியவர்கள் யார்? எழுதப் படிக்கவும் தெரிந்து, ஸ்பேனர் பிடிக்கவும் தெரிந்த நாம்தானே!

கிளட்ச் என்ன சொல்கிறது?

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓட விடுங்கள். கிளட்ச் பெடலை மிதிக்கும்போது "கர்ர்ர்" என்று சத்தம் எழுந்து, விட்டதும் அடங்கினால், பெரும்பாலும் அது ரிலீஸ் பேரிங். மிதித்தால்தானே அதன் மேல் பாரம் ஏறுகிறது! அப்படியே தலைகீழாக, காலை எடுத்திருக்கும்போது சத்தம் இருந்து, மிதித்ததும் நின்றுபோனால் கியர்பாக்சின் இன்புட் ஷாப்ட் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். மிதித்தவுடன் அந்த ஷாப்ட் சுற்றுவது நின்றுவிடுகிறது, சத்தமும் நின்றுவிடுகிறது. காசு செலவில்லாத சோதனை. ஒரு நிமிடம்கூட ஆகாது.

இப்போது இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு மிதியுங்கள். அப்போதும் "கீச்... கீச்..." என்றால்? இன்ஜின் நின்ற பிறகு சுற்றுகிற பாகம் எதுவும் இல்லையே! ஆகவே அது அசைகிற மூட்டுகளின் சத்தம். பெடல் புஷ், ரிட்டர்ன் ஸ்பிரிங், காய்ந்துபோன கேபிள், உள்ளே ஃபோர்க் முட்டி நிற்கும் இடம் – இவற்றில் ஒன்று. எளிதில் கை எட்டுவது டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் புஷ்தான். முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கப்பா கார் டிரைவர். வண்டி ஓனருடையது. அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். நான் ஒன்பதாவது படிக்கும்போது, அந்த வண்டியில் கிளட்ச் பெடல் சத்தம் போட ஆரம்பித்தது. அப்பா ஒர்க் ஷாப்பில் போய்ச் சொன்னது இவ்வளவுதான்: "கிளட்ச மிதிச்சா கீச்சுங்குது சார். இன்ஜின ஆஃப் பண்ணி மிதிச்சாலும் கீச்சுங்குது."

கவனித்தீர்களா நண்பர்களே? அந்த இரண்டாவது வாக்கியத்திலேயே பாதிப் பழுது தெரிந்துவிடுகிறது! ஆனால் அங்கே யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. கியர்பாக்சை இறக்கி, கிளட்ச் செட் முழுவதும் மாற்றிப் பில் போட்டார்கள். வண்டி வெளியே வந்தது. சத்தமும் கூடவே வந்தது! "கிளட்ச் மேலயே காலை வச்சு ஓட்டியிருப்ப" என்று பழி அப்பா மேல் விழுந்தது. மூன்று மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். கடைசியில் பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் ஒருவர் குனிந்து பெடலைக் கையால் ஆட்டிப் பார்த்து, புஷ்ஷைக் கழற்றித் துடைத்து கிரீஸ் வைத்தார். சத்தம் போயே போச்சு. அந்த மூன்று மாதச் சம்பளம் போனது போனதுதான்.

டிரைவர் சொல்வதைக் கேட்காமல் விட்டால், அதன் விலையை யாரோ ஒருவர் கொடுக்கிறார். பெரும்பாலும் கொடுக்க முடியாதவர்தான் கொடுக்கிறார்.

பிரேக் சொன்னால் உடனே கேள்!

கிளட்ச் கெட்டால் வண்டி நிற்கும். பிரேக் கெட்டால் வண்டி நிற்காது! ஆகவே இங்கே கேட்கும் காது இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். எல்லாச் சத்தமும் கெட்டதல்ல என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பெடலை மிதிக்கும் நொடியில் லேசாக "உஸ்" என்று வந்து நின்றுவிட்டால் பயம் வேண்டாம். வேக்குவம் பூஸ்டருக்குள் காற்று நுழையும் சத்தம் அது. அதே "உஸ்ஸ்ஸ்" மிதித்துப் பிடித்திருக்கும் நேரமெல்லாம் தொடர்ந்து கேட்டு, பெடலும் கல்லு மாதிரி கெட்டியாக இருந்தால் பூஸ்டர் கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். சோதிப்பது சுலபம். இன்ஜினை நிறுத்திவிட்டு நாலைந்து தடவை பிரேக்கை மிதியுங்கள். பிறகு காலை அழுத்தியபடியே இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையா? பூஸ்டரையும், அதற்கு வரும் வேக்குவம் ஹோஸையும், அதன் வால்வையும் பாருங்கள்.

"டக்" என்று சின்னதாக ஒரு சத்தம் வந்தால் பிரேக் லைட் சுவிட்சாக இருக்கலாம். பெடலைத் தள்ளுகோலோடு இணைக்கும் பின் தேய்ந்து ஆடுவதாகவும் இருக்கலாம். கையால் ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படிக் குனியும்போது கண்ணையும் பயன்படுத்துங்கள். பெடலுக்கு மேலே ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் சீல் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

மிதிக்கும்போது சக்கரத்தில் "கிரீச்" என்று கேட்டால் பல கார்களில் அது பேடில் வைத்திருக்கும் எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கில் உரசும் சத்தம். "நான் தேய்ந்துவிட்டேன், மாற்று" என்கிறது. அப்போதும் கேட்காமல் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டால், அடுத்து "கரகர"தான். இரும்பும் இரும்பும் உரசும் சத்தம். பேடோடு போக வேண்டிய செலவு டிஸ்க் வரை போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அவசரமாக அழுத்திப் பிடிக்கும்போது பெடல் காலுக்கடியில் "தடதட" என்று உதறும். அது பழுதல்ல, ஏ.பி.எஸ். வேலை செய்கிறது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுப்பதுதான் ஆபத்து! வண்டியை டெலிவரி கொடுக்கும்போது இந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுத்தால் ஓர் உயிரையே காப்பாற்றலாம்.

சின்ன விஷயமா?

"பெடல் சத்தமெல்லாம் ஒரு பெரிய விஷயமாப்பா?" என்று சிலர் சிரிக்கலாம். 2009-ல் அமெரிக்காவில் டொயோட்டா கார்கள் தானாக வேகமெடுக்கின்றன என்று பெரும் புகார் எழுந்தது. உயிர்களும் போயின. காலடியில் போடும் மேட் ஆக்ஸிலேட்டர் பெடலில் சிக்குகிறது என்று அந்த ஆண்டே லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தார்கள். பெடலே சரியாகத் திரும்பாமல் ஒட்டிக்கொள்கிறது என்று 2010 ஜனவரியில் மேலும் சுமார் 23 லட்சம் வண்டிகள். எலெக்ட்ரானிக்ஸில்தான் கோளாறு என்று பலரும் சந்தேகித்ததால் நாசா பொறியாளர்களே ஆராய்ந்தார்கள். 2011 பிப்ரவரியில் முடிவு வந்தது. அப்படி வேகமெடுக்கக் காரணமான எலெக்ட்ரானிக் கோளாறு எதுவும் கிடைக்கவில்லை. கண்டுபிடிக்கப்பட்டவை மேட்டும் ஒட்டும் பெடலும்தான்! எளிய இடத்தை முதலில் பார் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

"இப்பதான் ஸ்கேனர் வந்துடுச்சே" என்பார் இன்னொருவர். வந்திருக்கிறது, வரவேற்போம். ஆனால் சென்சார் உள்ள இடத்தைப் பற்றித்தான் ஸ்கேனர் பேசும். காய்ந்துபோன பெடல் புஷ்ஷுக்கு எந்த ஸ்கேனரில் கோடு வரும்? "எலெக்ட்ரிக் கார் வந்தா கிளட்ச்சே கிடையாதே" என்றும் கேட்பார்கள். உண்மை. ஆனால் பிரேக் பெடலும் ஆக்ஸிலேட்டர் பெடலும் அங்கேயும் உண்டு. இன்ஜின் இரைச்சல் இல்லாத வண்டியில் சின்னக் கீச்சும் பெரிதாகக் கேட்கும். அப்போது கஸ்டமர் நம்மிடம்தானே வருவார்!

என்ன செய்யலாம்?

முதலாவது, ஸ்பேனரைத் தொடும் முன் ஐந்து கேள்வி கேட்போம். மிதிக்கும்போதா, விடும்போதா? இன்ஜின் ஓடும்போதா, நின்றபோதுமா? வண்டி நகரும்போது மட்டுமா? காலையில் முதல் தடவை மட்டுமா, நாள் முழுக்கவா? காதுக்கு மட்டும் கேட்கிறதா, காலிலும் அதிர்கிறதா? பதிலை டிரைவர் சொன்ன வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதுவோம். அவர் "கீச்சுங்குது" என்றால் "கீச்சுங்குது" என்றே எழுதுவோம். அதில் வெட்கம் எதற்கு?

இரண்டாவது, சத்தம் வருகிற இடமெல்லாம் ஆயில் அடித்து அனுப்பும் பழக்கத்தை விடுவோம். பிரேக் பேடில் ஒரு சொட்டு ஆயில் பட்டாலும் பிடிமானம் போய்விடும். சத்தத்தை அடக்குவது வேறு, பழுதைத் தீர்ப்பது வேறு.

மூன்றாவது, நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு பிற்பகல், ஊரில் அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கை நம் லேபுக்கு அழைத்து வர ஹெச்.ஓ.டி. சாரிடம் அனுமதி கேளுங்கள். ஓடுகிற வண்டி ஒன்று, தேய்ந்த பேரிங் நாலு, காய்ந்த கேபிள் இரண்டு இருந்தால் போதும். அவர் சத்தத்தைக் கேட்டுச் சொல்லட்டும். காரணத்தை நாம் எழுதுவோம். மூன்று ஆண்டில் அது ஒரு நல்ல நோட்டுப் புத்தகமாகிவிடும். நமக்குப் பின்னால் வரும் தம்பி தங்கைகளுக்கு அது பாடமாகும்.

நண்பர்களே! இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் வேலைக்குப் போய்விடுவோம். காக்கிச் சட்டையோ, கழுத்தில் அடையாள அட்டையோ, ஏதோ ஒன்று நம்மிடம் இருக்கும். எதிரே ஒருவர் வந்து, சொல்லத் தயங்கிக்கொண்டே, "தம்பி, பெடல்ல ஒரு மாதிரி சத்தம் வருது..." என்பார். ஸ்பேனரைக் கீழே வையுங்கள். "எப்ப வருது? சொல்லுங்கண்ணே" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுங்கள்.