டப்பாவின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்

மட்டாஞ்சேரியில் மிளகு வாங்கும் வணிகர் சாக்கின் மேலுள்ள பெயரைக் கண்டு விலை பேசுவதில்லை. ஒரு லிட்டர் அளவையில் எத்தனை கிராம் நிற்கிறது, ஈரம் எவ்வளவு, தூசியும் காம்பும் நீக்கப்பட்டனவா என்று பார்ப்பார். ‘மலபார் கார்பிள்டு’ என்னும் தரப்பெயருக்குச் சந்தையில் மதிப்பு இருப்பது, அதன் பின்னால் அளந்து பார்க்கத்தக்க வரையறை இருப்பதால்தான். இதே ஊரிலிருந்து பாலக்காடு வழியாகக் கோவை செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் பைக்கில் செல்லும் மாணவர்கள், எஞ்சின் ஆயில் வாங்கும்போது மட்டும் அந்த வணிகரின் வழக்கத்தை மறந்துவிடுகிறார்கள். ‘ரேசிங்’, ‘அல்ட்ரா’, ‘முழு சிந்தெடிக்’ என்ற பெரிய எழுத்துகளைப் படித்துப் பணம் கொடுக்கிறார்கள். பொருளுடைய சொற்கள் டப்பாவின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கக் கற்க வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில், பந்தயத் தடத்தில் எண்ணெய்க்கு என்ன நேர்கிறது என்று பார்ப்போம். எஸ். கரிவர்தன் நினைவாகப் பெயரிடப்பட்டு 2003இல் திறக்கப்பட்ட செட்டிபாளையத் தடம் ஏறத்தாழ 2 கி.மீ. நீளமே உடையது, வளைவுகள் அடுத்தடுத்து வருகின்றன. தாழ்ந்த கியரில், உயர்ந்த சுழற்சியில் எஞ்சின் நெடுநேரம் ஓடுகிறது. நெடுஞ்சாலையில் 100 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும் எண்ணெய், இங்கே 120, 130 என்று ஏறுகிறது. சூடேறினால் எண்ணெய் நீர்க்கும். பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையே நிற்கும் மெல்லிய படலம் ஓரளவுக்கு மேல் மெலிந்தால் உலோகம் உலோகத்தைத் தொடும்.

இனி டப்பாவிலுள்ள எண். 10டபிள்யூ-40 என்பதில் உள்ள ‘டபிள்யூ’ எடையைக் குறிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. எஸ்.ஏ.இ. ஜே300 தரப்படி, 10டபிள்யூ எண்ணெய் சுழியத்துக்குக் கீழே 25 பாகையிலும், 20டபிள்யூ எண்ணெய் சுழியத்துக்குக் கீழே 15 பாகையிலும் சோதிக்கப்படுகின்றன. கொச்சியிலோ கோவையிலோ அந்தக் குளிர் வருவதேயில்லை. நம் வெயிலுக்கு முதன்மையானது இரண்டாவது எண். அது 100 பாகையில் அளந்த பாகுநிலையின் வகுப்பு: 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை.

தடத்தில் ஓட்டுபவருக்கு இதைவிடப் பயன்படும் அளவொன்று உண்டு. 150 பாகை வெப்பத்தில், இறுகிய இடைவெளியில் எண்ணெய் விரைந்து நழுவும்போது எஞ்சும் பாகுநிலை அது. எச்.டி.எச்.எஸ். என்பது அதன் சுருக்கப் பெயர். 10டபிள்யூ-30 எண்ணெய்க்கு அது குறைந்தது 2.9 மில்லிபாஸ்கல்-நொடி இருந்தால் போதும், 10டபிள்யூ-40க்கு 3.5 இருக்க வேண்டும். பேரிங்கைக் காப்பது இந்த எண். பெரும்பாலும் இது டப்பாவில் இராது. நிறுவனத்தின் தொழில்நுட்பத் தாளில் தேடிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் 60ஐ ஊற்றிவிடலாமே என்று தோன்றும். ‘கெட்டியாக இருந்தால் காப்பாற்றும்’ என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக உள்ளது. ஆனால் தேவைக்கு மேல் கெட்டியான எண்ணெய் உராய்ந்து உராய்ந்து தானே வெப்பத்தை உண்டாக்கும். குறுகிய வழிகளில் மெதுவாகப் பாயும். உரிமையாளர் கையேடு 30ஐயும் 40ஐயும் அனுமதித்தால் தடத்துக்கு 40 என்பது நியாயமான தேர்வு. கையேட்டின் அட்டவணையைத் தாண்டுவது துணிச்சலாகுமே ஒழியத் தேர்வாகாது.

பெயர் நிலைத்து, பொருள் மாறிவிடுவதற்கு எண்ணெய் உலகிலேயே நல்ல சான்று உண்டு. மந்தமானவரை ‘விளக்கெண்ணெய்’ என்று திட்டுவது நம் வழக்கு. ஆனால் ஒரு காலத்தில் மிக விரைவான எஞ்சின்கள் ஆமணக்கெண்ணெயில்தான் ஓடின. கடும் வெப்பத்திலும் அது உலோகத்தைப் பற்றி நிற்கும். காஸ்ட்ரால் என்னும் பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது. விரைவில் பிசினாக இறுகும் குறையால் ஆமணக்கு அன்றாடப் பயன்பாட்டிலிருந்து விலகியது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

‘சிந்தெடிக்’ என்ற சொல்லும் அத்தகையதே. முன்பு அது வேதிமுறையில் கட்டியெழுப்பிய மூல எண்ணெய்களைக் குறித்தது. கச்சா எண்ணெயிலிருந்து வந்து, ஹைட்ரஜனால் கடுமையாகச் சீர்செய்யப்பட்ட எண்ணெயையும் அப்படி அழைக்கலாமா என்று மொபில் நிறுவனம் காஸ்ட்ராலுக்கு எதிராக அமெரிக்காவில் முறையிட்டது. விளம்பரங்களை ஆராயும் அங்குள்ள தன்னொழுங்கு அமைப்பு, 1999இல் அழைக்கலாம் என்று முடிவு செய்தது. அவ்வகை எண்ணெய் தரத்தில் தாழ்ந்தது என்பதன்று இதன் பொருள். நல்ல எண்ணெய்கள் பல அவ்வகையே. ஆனால் அச்சொல்லை மட்டும் வைத்து டப்பாவினுள் இருப்பதை இனி அறிய முடியாது. மொழியியலில் பொருள் விரிவு என்போமே, அது இங்கே வாங்குபவரின் செலவில் நடந்திருக்கிறது.

பைக் ஓட்டுபவர் தவறவிடக்கூடாத சிறிய எழுத்து இன்னொன்று: ஜாசோ. பெரும்பாலான பைக்குகளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் நனைகின்றன. எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறி, அந்த ஈரக் கிளட்ச் வழுக்காது என்பதற்கான சோதனைச் சான்று. எம்.பி. என்பது உராய்வு குறைந்த வகை. கிளட்ச் எண்ணெயில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வு குறைக்கப்பட்ட கார் எண்ணெயைப் பைக்கில் ஊற்றினால், வளைவிலிருந்து வெளியேறும் கணத்தில் கிளட்ச் வழுக்கக்கூடும். அங்கே ‘ரேசிங்’ என்ற சொல் உதவாது.

சரியான எண்ணெயும் பழையதானால் பயனில்லை. மட்டாஞ்சேரியின் கடைத்தெருக்களில் சிறு தொலைவுகளுக்கே ஓடும் வண்டியின் எண்ணெயில் ஈரமும் பெட்ரோலும் கலக்கின்றன. பைக்கில் கியர் பற்களும் அதன் பாகுநிலையை அரைத்துக் குறைக்கின்றன. ஆகவே தடத்துக்குமுன் புதிய எண்ணெய், மேல்கோட்டுக்கு அருகே அளவு, இறுக்கிய வடிகால் போல்ட். திரும்பியபின் வழக்கமான கிலோமீட்டருக்குக் காத்திராமல் மீண்டும் மாற்றம். விலையுயர்ந்த டப்பாவை ஓராண்டு வைத்திருப்பதைவிட, நடுத்தர விலையில் தரக்குறியுள்ள எண்ணெயை இருமுறை மாற்றுவது மேல்.

மெக்கானிக் அறிவார் என்று சிலர் சொல்வர். அவருடைய கைப்பழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தக் குறிகள் அவருக்கும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. எந்த எண்ணெய் எந்தக் கிளட்சுக்கு, எந்த வெப்பத்துக்கு என்னும் இரண்டு வரிகளைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிடுவது நிறுவனங்களுக்குப் பெரிய செலவன்று. எஞ்சின் உடைந்து தடத்தில் எண்ணெய் சிந்தினால் முதலில் வழுக்கி விழுபவர் பின்னால் வரும் ஓட்டுநர். அந்த டப்பாவைத் தேர்ந்தெடுத்தவர் அவரல்லர். நிறுவனங்கள் அச்சிடும்வரை, டப்பாவைத் திருப்பிப் படிப்பது நம் பொறுப்பு.