சுகர் ஃப்ரீன்னு சொல்லி தலையில மிளகாய் அரைக்காதீங்க

கல்யாண வீடோ பொறந்தநாளோ, சர்க்கரைக்காரங்களுக்குன்னு தனியா ஒரு டப்பா வரும் பாருங்க, அதைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. "மாமா, இது உங்களுக்கு. சுகர் ஃப்ரீ. தாராளமா சாப்பிடுங்க" என்பார்கள். அந்த 'தாராளமா'தான் ஆளைக் கவுக்குது. டப்பாவைத் திருப்பி பொடி எழுத்தைப் படித்தால் முதல் பெயரே பல சமயம் மைதாவா இருக்கும். 100 கிராம் மைதாவில் 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. வயித்துக்குள்ள போனா அதுவும் குளுக்கோஸ்தானே சாமி! சர்க்கரையை வாசல் வழியா துரத்திட்டு, கொல்லைக் கதவைத் திறந்து வச்ச கதை.

சுகர் ஃப்ரீ சாக்லேட்டிலும் ஒரு வில்லன் உண்டு. மால்டிட்டால். சர்க்கரை அளவுக்கு இல்லாவிட்டாலும் ரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றத்தான் செய்யும். நாலு துண்டு கூடுதலா உள்ள போனா வயித்தையும் கலக்கும்.

இன்னொரு கோஷ்டி இருக்கு, கருப்பட்டி கோஷ்டி. கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். பேரீச்சம்பழத்திலோ 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் சர்க்கரை. ருசிக்காகப் போடுங்க, வேணாங்கல. சர்க்கரைக்காரருக்கு நல்லதுன்னு மட்டும் சொல்லாதீங்க. 2023-ல் லான்செட் குழும இதழில் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று கணக்குச் சொன்னது. வீட்டுக்கு ஒருத்தராவது இருக்காங்க, இதெல்லாம் விளையாட்டு இல்ல.

அப்ப இனிப்பே கூடாதா? கூடும். அதுக்கு நம்ம வேர்க்கடலை இருக்கு. 100 கிராமில் 25 கிராம் புரதம், மாவுச்சத்து 16 கிராம், அதிலும் பாதி நார்ச்சத்து. கொழுப்பு நிறைய இருப்பதால் செரிமானம் நிதானமா நடக்கும். சர்க்கரை சட்டுனு எகிறாது.

கடையில் வாங்கும் பீனட் பட்டரில் சர்க்கரை கலந்ததுதான் அதிகம். வறுத்து தோல் நீக்கிய கடலை கால் கிலோவை மிக்சியில் போட்டுச் சுத்துங்க. முதலில் பொடியாகும், அப்புறம் உருண்டுக்கும். 'ஐயோ கெட்டுப்போச்சு'ன்னு தோணுற நேரத்துல நிறுத்தாதீங்க. விட்டு விட்டு ஓட்டினால் எண்ணெய் கக்கி, தானே வழவழன்னு ஆகும். அதோட ஒரு முட்டை, சர்க்கரை சேர்க்காத கோகோ பவுடர் 2 மேசைக்கரண்டி, சிட்டிகை உப்பு, அரை டீஸ்பூன் சமையல் சோடா, அரை கப் எரித்ரிட்டால். மைதா ஒரு கரண்டி கூட வேண்டாம். 16 உருண்டை பிடிச்சு, தட்டி, 175 டிகிரியில் 10-12 நிமிஷம். சூட்டோட எடுத்தா உதிர்ந்துடும், 20 நிமிஷம் பொறுங்க (எங்க வீட்டு வாண்டுகள் பொறுத்ததே இல்ல :-)). ஒண்ணுக்கு மாவுச்சத்து, எரித்ரிட்டாலைக் கணக்கில் சேர்க்காமல், சுமார் 3 கிராம். ஆனா கலோரி 90-க்கு மேல, அதை மறைக்கக் கூடாது.

எரித்ரிட்டால் நாக்குல கொஞ்சம் சில்லுனு இருக்கும், கோகோவின் கசப்பு அதை அமுக்கிடும். அஸ்பார்டேம் மாத்திரையைப் பொடிச்சுப் போடலாமேன்னு கேக்காதீங்க. சூட்டில் அதன் இனிப்பு போயிடும். இன்னொண்ணு, 2023-ல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வில், ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகமிருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்தும் அதிகமாகத் தெரிந்தது. அதுதான் காரணம்னு நிரூபணம் ஆகல. இருந்தாலும் இதய நோய் இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டே தொடுங்க. சைலிட்டால் வாங்கினா, வீட்டுல நாய் இருந்தா எட்டாத இடத்துல வைங்க, அதுக்கு அது விஷம்.

எங்க அப்பாவுக்கு 18 வருஷமா சர்க்கரை. அவருக்குன்னு தனி டப்பா எங்க வீட்டுல கிடையாது. எல்லாரும் சாப்பிடுறதும் இதேதான், ஒரே தட்டுலதான். தனியா ஒதுக்கி வச்சுத் தின்னும்போது அந்த மனுஷன் முகத்துல ஒரு கூச்சம் வருமே, அது எந்த ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. அவருக்கு ஒரு நாளைக்கு ரெண்டு. புதுசா ஏதாவது செஞ்சா, சாப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை குளுக்கோமீட்டர்ல குத்திப் பார்த்துடுவோம். மீட்டர் காட்டுற நம்பரைப் பார்த்துத்தான் அது மறுபடி அடுப்பேறுமா இல்லையான்னு முடிவு.