நீருக்கு அஞ்சினால் மட்டும் போதுமா?

கோடை பிறந்துவிட்டது. பனிக்காலம் முழுவதும் அடுக்குமாடி வீடுகளில் அடைபட்டுக் கிடந்த எம்மவர் குடும்பம் குடும்பமாக ஆற்றங்கரைப் பூங்காக்களை நாடும் காலம் இது. மொன்றியல் ஒரு தீவு என்பதை நாம் பெரும்பாலும் மறந்தே வாழ்கிறோம். தெற்கே சென் லோறன்ஸ் நதி, வடக்கே பிறேரி ஆறு. நகரைவிட்டு எத்திசையில் சென்றாலும் பாலமொன்றைக் கடந்தாக வேண்டும். ஆயினும் எம்மில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்?

2016 ஓகஸ்ட் 24 அன்று இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள காம்பர் சாண்ட்ஸ் கடற்கரைக்கு லண்டனிலிருந்து சென்ற ஐந்து தமிழ் இளைஞர்கள் ஒரே நாளில் கடலுக்குப் பலியாகினர். அன்று அங்கே உயிர்காப்பாளர் எவரும் பணியில் இருக்கவில்லை. வற்று நேரத்தில் வெகுதூரம் நடந்து செல்லக்கூடிய கரை அது. பெருக்குத் தொடங்கியதும் மணல்மேடுகளுக்குப் பின்னால் நீர் புகுந்து நிறைந்துவிடும். மேட்டில் நிற்பவர் கரைக்குத் திரும்ப ஆழத்தைக் கடக்க வேண்டும். எமது நகரிலும் 2018 பெப்ரவரியில், ரோஸ்மொன்ட் பகுதிப் பாடசாலையொன்றின் நீச்சல் தடாகத்தில், வகுப்பு நடந்துகொண்டிருக்கையிலேயே பதின்ம வயது மாணவன் ஒருவன் மூழ்கி மாண்டான். மூழ்குபவர் கூக்குரலிடுவார் என்று எண்ணுவது தவறு. பெரும்பாலும் ஓசையின்றியே அது நிகழ்ந்து முடிகிறது.

"தண்ணிக்குக் கிட்டப் போகாதே" என்பதே எமது தாய்மார் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஒரே நீர்ப்பாடம். இந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. கிளாலிக் கடலை இருளில் கடந்தவர்களும், 2004 ஆழிப்பேரலையில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களும் எம்மிடையே உள்ளனர். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் கைவிடப்பட்டு, மீனவர்களால் மீட்கப்பட்ட 155 தமிழர்களில் பலர் இந்நகருக்கே வந்து சேர்ந்தனர். ஆனால் இங்கு பிறந்த பிள்ளைக்கு அந்த நினைவுகள் இல்லை. தோழர்கள் அழைத்தால் அவன் போவான். தடுத்தால் சொல்லாமற் போவான். பெற்றோரின் அச்சம் அவனை மிதக்க வைக்காது.

சென் லோறன்ஸ் நதி மேற்பரப்பில் அமைதியாகத் தோன்றினாலும் அதன் நீரோட்டம் வலியது. லாஷின் பகுதியின் விரைநீரைக் கப்பல்கள் கடக்க இயலாமையாலேயே 1825இல் அங்கே கால்வாய் திறக்கப்பட்டது. அக்கால்வாயிலும் நீந்துவதற்கு அனுமதி இல்லை. வெயில் சுட்டெரிக்கும் மே மாதத்திலும் ஆற்றுநீர் கடுங்குளிராகவே இருக்கும். திடீரெனக் குதிப்பவருக்கு மூச்சுத் திணறி, முதல் நிமிடத்திலேயே நீர் உட்புகலாம். உயிர்காப்பாளர் உள்ள கடற்கரைகளும் தடாகங்களும் இருக்க, கண்ட இடத்தில் இறங்குவது ஏன்?

கனடாவில் நீரில் மூழ்கி இறப்போரில் பெரும்பான்மையினர் ஆண்கள். இறைச்சி வாட்டும் ஒன்றுகூடல்களில் எம்மவர் ஆற்றில் இறங்குவது தோடம்பழச் சாறு மட்டும் அருந்திவிட்டல்ல என்பது யாவரும் அறிந்ததே. தூண்டில் போடப் படகேறுவோர் உயிர்காப்பு அங்கியை இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டுச் செல்வதையும் கண்டிருக்கிறோம்.

கனடிய உயிர்காப்புச் சங்கம் வகுத்துள்ள அடிப்படைப் பயிற்சி மூன்றே செயல்களைக் கோருகிறது: ஆழநீரில் விழுந்து மேலெழுதல், ஒரு நிமிடம் மிதந்து நிற்றல், 50 மீற்றர் நீந்துதல். பரதமும் மிருதங்கமும் பயில வாரந்தோறும் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு இன்னும் ஒரு மணி நேரம் பெரும் பாரமல்ல. பெண்பிள்ளைகளை ஆடையின் பொருட்டு வீட்டில் நிறுத்தி வைப்போர், பெண்களுக்கென நேரம் ஒதுக்கப்பட்டுள்ளதா எனத் தடாகங்களில் விசாரிக்கலாம். அன்னையரும் உடன் இறங்கிக் கற்கலாம். எமது ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஆண்டுதோறும் நடத்தும் இராப்போசன விருந்துகளில் ஒன்றின் செலவைக்கொண்டே பல பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்துவிட முடியும். இவ்வாண்டு எந்தச் சங்கம் முன்வரும் என அறிய ஆவலாக உள்ளோம். வகுப்புகள் விரைவில் நிரம்பிவிடுவதால், பதிவுத் திகதிகளை இவ்வாரமே கேட்டறிவது நன்று.