40 கோடி மாடும் வாட்ஸ்அப் பெருமையும்



நம்ம நெல்லூர் பசு பிரேசில்ல 40 கோடிக்குப் போச்சு, பாரதத்தின் பெருமை பாருங்கன்னு ஒரு வாட்ஸ்அப் செய்தி சுத்திக்கிட்டே இருக்கு. கோவளம் தோழர்கள் அதை அனுப்பி, பதில் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தாங்க. எழுதிடுவோம்.

தொகை கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம், ஆனா மாடு உண்மை. வியாடினா-19 என்று பெயர். எடை சுமார் 1,100 கிலோ. 2023-இல் அதன் உரிமையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் விற்ற விலையை வைத்துக் கணக்குப் போட்டதில், முழு மாட்டின் மதிப்பு 40 லட்சம் டாலரைத் தாண்டியது. கின்னஸ் பதிவிலும் ஏறியது. இனத்தின் பெயர் நெலோர். ஆமாம், நம்ம நெல்லூர்தான். கோவளத்துக்குப் பின்னால ஓடுற பக்கிங்காம் கால்வாயைப் பிடிச்சு வடக்கே போனா வருமே, பழைய சென்னை மாகாணத்து நெல்லூர் சீமை, அந்த மண்ணின் ஓங்கோல் மாடு அது.

செய்தி போட்டவங்க ஒரே ஒரு வரியை நைசா விட்டுட்டாங்க. நெலோர் இறைச்சிக்காக வளர்க்கப்படும் இனம். அந்த விலை கோமாதாவுக்குப் போட்ட விலை இல்லை. நல்ல கறி மாடுகளை ஈனக்கூடிய தாய்க்குப் போட்ட விலை.

19ஆம் நூற்றாண்டில் கப்பலேறிப் போன சில மாடுகள், 1960களின் தொடக்கத்தில் போன இன்னொரு தொகுதி. இப்படி இங்கிருந்து மாடுகள் போயின. அதில் ஓங்கோல் பக்கத்துக் கரவாடி ஊரின் பெயரையே தாங்கிப் போன ஒரு காளையின் வாரிசுகள் இன்றைக்கும் அங்கே பேர் பெற்றவை. பிரேசில்காரன் பொட்டு வைத்துக் கும்பிடவில்லை. 1938-லேயே பதிவேடு திறந்தான். கன்று பிறந்ததும் எடை, பால் மறந்ததும் எடை, எந்தக் காளையின் வாரிசு வேகமாக வளருது என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்கு. இன்று அந்த நாட்டில் 20 கோடிக்கும் மேல் மாடுகள். அவற்றில் பெரும்பகுதி நெலோர் அல்லது அதன் கலப்பு. உலகிலேயே அதிகம் மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்யும் நாடும் அதுதான்.

குறையே இல்லாத மாடுன்னு சொல்ல வரலை. நெலோர் பருவத்துக்கு வரத் தாமதமாகும். ஆங்கஸ் மாட்டுக் கறி மாதிரி மெத்துன்னு இருக்காது, கொழுப்பும் கம்மி. அதனால்தான் அங்கே ஆங்கஸோடு கலக்கிறார்கள். மேய்ச்சலுக்காக அமேசான் காட்டை அழிப்பது பெருங்குற்றம், அதையும் சேர்த்தே சொல்கிறோம். ஆனால் வெயிலைத் தாங்கும் வெள்ளை ரோமம், உண்ணிக்கு அசராத உடம்பு, காய்ந்த புல்லிலும் எடை போடும் குணம் எல்லாம் நம்ம மண் கொடுத்தது. பூமி சூடேற ஏறத் தேவைப்படப் போகிற மாடு இதுதான்.

சரி, பிறந்த நாட்டில் என்ன நிலை? 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் நாட்டு மாடுகள் 2012-ஐ விட 6 விழுக்காடு குறைந்தன. கலப்பின மாடுகள் சுமார் 27 விழுக்காடு கூடின. உழவுக்கு டிராக்டர் வந்தாச்சு, சினைக்கு ஊசி வந்தாச்சு. காளைக் கன்றை வெச்சு விவசாயி என்ன செய்வார்? விற்க வழியில்லைன்னா அவிழ்த்து விடுவார். கோவளத்திலிருந்து ஈசிஆர்ல ராத்திரி பைக் ஓட்டுறவங்களைக் கேளுங்க, நடுரோட்டில் படுத்திருக்கும் மாடுகளின் கதையைச் சொல்வாங்க.

2017 ஜனவரியில் நாட்டு மாட்டைக் காக்க மெரினாவில் நின்றோம். அதே வருடம் மே மாதம், சந்தைக்கு வரும் மாட்டை வெட்டுக்கு விற்கக் கூடாது என்று ஒன்றிய அரசு விதி போட்டது. ஒரே வாரத்தில் மதுரைக் கிளை தடை விதித்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்க நீட்டித்தது. நாட்டு மாட்டுப் பாசம் பேசின எத்தனை பேர் அந்த விதியை எதிர்த்து வாய் திறந்தாங்க? ஏறு தழுவுதல் இருப்பதால் புலிக்குளம் காளைக்கு விலை இருக்கு, விலை இருப்பதால் இனம் இருக்கு. இந்தச் சின்னக் கணக்கு ஏன் புரியமாட்டேங்குது?

உடனே அரசமைப்புச் சட்டப் பிரிவு 48-ஐ நீட்டுவாங்க. முழுசாப் படிங்க அய்யா! வேளாண்மையையும் கால்நடை வளர்ப்பையும் நவீன அறிவியல் முறையில் அமைக்கணும் என்றுதான் அது தொடங்குது. அந்தப் பாதியைச் செய்தவன் பிரேசில்காரன்.

மாநில அரசையும் கேட்கிறோம். 1958 சட்டப்படி பத்து வயது தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டுக்குத்தான் பொதுவாக வெட்டச் சான்று. 1976 அரசாணை பசுவையும் கிடாரியையும் வெட்டவே தடை போட்டது. பத்து வயசுக் கிழ மாட்டுக்குக் கறிக்கடையில் என்ன விலை வரும்? இரண்டையும் மறுபரிசீலனை செய்யுங்கள். செங்கல்பட்டு மாவட்டத்திலேயே காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. நாட்டுக் காளைக் கன்றுகளின் வளர்ச்சியை எடை போட்டுப் பதிவு செய்யும் வேலையை அங்கே தொடங்குங்கள். சந்தைக்கு மாடு ஏற்றிப் போகும் வண்டியை மறிக்கிற கும்பல் மீது வழக்குப் போடுங்கள், ஓட்டுநர் மீது வேண்டாம்.

அந்த வாட்ஸ்அப் செய்தி உங்க குழுவுக்கு வந்தா, கீழேயே இதைப் போடுங்க தோழர்களே.

#நாட்டுமாடு #மாட்டுச்சந்தை #உணவுஉரிமை