சோம்பேறிக் கண்ணா, சோம்பேறி சர்க்காரா?

ரயில் என்ஜின் டிரைவர் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறிய வாலிபன் ஒருவன் வைத்தியப் பரிசோதனைக்குப் போகிறான். வலது கண்ணை மூடச் சொல்கிறார் டாக்டர். எதிரே பலகையில் பெரிய எழுத்துக்கூடத் தெரியவில்லை. இருபது வருஷமாக ஒற்றைக் கண்ணால் பார்த்து வந்திருக்கிறான், அவனுக்கே தெரியாது! கண்ணாடி போட்டும் பயனில்லை. வேலை போயிற்று. ஊருக்கு ஊர் இப்படித் திரும்பிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இதற்குச் 'சோம்பேறிக் கண்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உழைப்பாளி வீட்டுக் குழந்தையின் கண்ணுக்குக்கூடச் சோம்பேறிப் பட்டம்! உண்மையில் கண் சோம்புவதில்லை. இரு கண்களுக்கும் பவர் வித்தியாசம் அதிகமாக இருந்தாலோ, மாறுகண் இருந்தாலோ, பிறவியிலேயே புரை இருந்தாலோ, ஒரு கண் அனுப்பும் உருவத்தை மூளை ஒதுக்கிவிடுகிறது. நாளடைவில் அந்தக் கண் பார்க்கப் பழகாமலே போகிறது. நம் ஜனங்களோ மாறுகண் அதிர்ஷ்டம் என்று கொஞ்சுகிறார்கள்!

பெரும்பாலான குழந்தைகளுக்கு வைத்தியம் சாதாரணமானது. தக்க கண்ணாடி, தினம் சில மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மறைத்து, மங்கிய கண்ணை வேலை வாங்குவது. ஆனால் ஏழெட்டு வயதுக்குள் செய்ய வேண்டும். வயது ஏற ஏறப் பலன் குறையும்.

இங்கேதான் சர்க்காரைக் கேட்கிறோம். பார்வையிழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டம் 1976-ல் வந்தது. அதன் பள்ளிக்கூடப் பரிசோதனை பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையே முக்கியமாகக் குறிவைத்தது. வெள்ளம் போன பிறகு அணை! 2013-ல் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் வந்தது. அங்கன்வாடிக் குழந்தைகளை வருஷத்துக்கு இருமுறை பரிசோதிக்க வேண்டும் என்பது அதன் விதி. பார்வைக் குறையும் பட்டியலில் உண்டு. நல்லதுதான். ஆனால் இரு டாக்டர்கள், ஒரு மருந்தாளர், ஒரு நர்ஸ் கொண்ட குழு முப்பது வகைக் குறைகளையும் பார்த்துக்கொண்டு ஊர் ஊராக ஓடும்போது, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க நேரம் ஏது? இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்த்தால் இக்குறை அகப்படவே அகப்படாது. பிரிட்டன் முதலாளித்துவ நாடுதான். அங்கேகூட நாலைந்து வயதில் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் பரிசோதனை வேண்டுமென்று வகுத்திருக்கிறார்கள்.

கண்டுபிடித்து 'ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போ' என்று சீட்டுக் கொடுத்தாலும் தீர்ந்துவிடாது. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும். பீடி சுற்றும் தாய், குழந்தை ஒட்டைப் பிய்த்தெறியாமல் காவல் இருக்க முடியுமா? அங்கன்வாடியிலேயே அந்த நேரத்தை வைக்கலாம். அதற்காக அங்கன்வாடிச் சகோதரிகள் தலையில் இன்னொரு சுமையைக் கூலியில்லாமல் கட்டக்கூடாது. பயிற்சியும் படியும் தர வேண்டும். கண்ணாடியை இலவசமாகக் கொடுக்க வேண்டும். உடைந்தால் மாற்றியும் கொடுக்க வேண்டும். குழந்தை உடைக்கத்தான் செய்யும்.

தோழர்கள் வீட்டிலும் ஒன்று செய்யலாம். குழந்தை விளையாடும்போது ஒரு கண்ணை மூடுங்கள். பிறகு மற்றக் கண்ணை. ஒன்றை மூடினால் பேசாமல் இருந்து, மற்றதை மூடினால் கையைத் தட்டிவிட்டு அழுகிறதா? தாமதியாமல் கண் டாக்டரிடம் கொண்டுபோங்கள். விரலிடுக்கால் எட்டிப் பார்க்கும், ஏமாந்துவிடாதீர்கள்! அழாததனால் மட்டும் கண் நன்றாயிருக்கிறது என்று இருந்துவிடவும் வேண்டாம். வருகிற கிராமசபைக் கூட்டத்தில், நம் ஊர் அங்கன்வாடியில் கண் பரிசோதனை கடைசியாக என்று நடந்தது என்று எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.